முரடனின் கிரகம்: ஒரு கொடூர வேற்றுக்கிரக ஜந்துவுக்கு என்னென்ன தேவை?

நண்பன் ஒருவன் தான் எழுதிய அறிவியல் சிறுகதையைப் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தான். கதையில் ஒரு கிரகம். எங்கு பார்த்தாலும் சிவப்புப் பாறை, புழுதி, கொளுத்தும் வெயில். புல் பூண்டு கிடையாது. பூமியைப் போல இரண்டு மடங்கு ஈர்ப்பு விசை. அங்கே ஒன்பதடி உயரத்தில், வாயெல்லாம் பல்லாக, லட்சக்கணக்கில் ஒரு ஜந்து. மனிதர்கள் ராக்கெட்டில் போய் இறங்கியதும் கர்ஜித்துக்கொண்டு பாய்கிறது.

படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “இதுங்கல்லாம் என்னடா சாப்பிடும்?”

“வர்ற மனுஷங்களை.”

“சரி, மனுஷன் வர்றதுக்கு முன்னாடி?”

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம், “ஒண்ணை ஒண்ணு அடிச்சுச் சாப்பிடும்னு வச்சுக்கலாமே” என்றான்.

வைத்துக்கொள்ள முடியாது. இது அவன் கதையில் மட்டும் உள்ள ஓட்டையும் இல்லை. ‘கொடூரமான கிரகம், அதனால் கொடூரமான உயிரினம்’ என்பதை எல்லோரும் யோசிக்காமலே ஒப்புக்கொள்கிறோம். கரடுமுரடான இடத்தில் வளர்ந்தவன் முரடனாகத்தானே இருப்பான் என்ற நினைப்பு. மனிதர்களுக்கே அது பொருந்துமா என்பது சந்தேகம். விலங்குகள் விஷயத்தில் பெரும்பாலும் தலைகீழ். பெரிய, வேகமான, ஓயாமல் பாய்கிற ஒரு மிருகம் வேண்டுமானால் அதற்குச் செழிப்பான கிரகம் வேண்டும்.

நண்பன் தன் ஜந்துவுக்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தான். நாம் முரடன் என்றே கூப்பிடுவோம். முரடன் பொய்தான். ஆனால் அவன் நிற்கிற தரை, மூச்சுவிடுகிற காற்று, தின்கிற தீனி மூன்றுக்கும் உள்ள விதிகள் பொய் இல்லை. பூமியில் செல்லுபடியாகும் இயற்பியல் எந்தக் கிரகத்திலும் செல்லுபடியாகும்.

கொடூரம் என்று எதைச் சொல்கிறோம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வேட்டையாடுவதும் ஆக்ரோஷமாகச் சண்டை போடுவதும் ஒன்றில்லை. இன்னொரு விலங்கைக் கொன்று தின்று வாழ்வதை இரைக்கொல்லி என்கிறோம். புலி இரைக்கொல்லி, சிலந்தி இரைக்கொல்லி, தட்டான் பூச்சியும் இரைக்கொல்லிதான். நீர்யானை புல் தின்பது. ஆனால் ஆற்றில் படகில் போகிறவர்களைக் கேட்டால், முதலைக்குப் பயப்படுகிற அளவுக்கு நீர்யானைக்கும் பயப்படுவதாகச் சொல்வார்கள். அது பசிக்காகக் கொல்வதில்லை. தன் இடத்துக்குள், தன் குட்டிக்கு அருகில் எவனும் வரக் கூடாது என்று கொல்கிறது.

திறமையை வைத்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. புலி பதுங்கிப் பாய்கிற பத்து முயற்சியில் ஒன்று பலித்தாலே பெரிய விஷயம். தட்டானோ நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தடவை, குறிவைத்த பூச்சியைப் பறக்கும்போதே பிடித்துவிடுகிறது. தட்டானைப் பார்த்து யாரும் ஓடுவதில்லை, ஏனென்றால் நாம் அதன் சாப்பாடு இல்லை. கொடூரம் என்பது அந்த மிருகத்தின் குணம் மட்டும் இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. யார் யாரைத் தின்கிறார்கள் என்ற உறவுக்குத்தான் அந்தப் பெயர்.

கர்ஜனையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ரொம்ப நாள் எரிச்சல். வேட்டைக்குப் போகும் புலி சத்தம் போடாது. காய்ந்த இலைமேல்கூடப் பார்த்துத்தான் கால் வைக்கும். உறுமலும் கர்ஜனையும் பெரும்பாலும் தன் இனத்தோடு பேச: ‘இது என் இடம்’, ‘நான் இங்கே இருக்கிறேன்’. சாப்பாட்டைப் பார்த்துக் கர்ஜிக்கிற மிருகம் பட்டினி கிடக்கும்.

சாப்பாட்டுக் கணக்கு

ஓட்டை வாளிகளோடு பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள் என்று வையுங்கள். கிணற்றிலிருந்து முதல் ஆள் இறைத்து அடுத்தவருக்கு ஊற்றுகிறார், அவர் அடுத்தவருக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் பெரும்பகுதி ஒழுகிப் போகிறது. மூன்றாவது ஆளுக்குக் கிடைப்பதே கொஞ்சம். பத்தாவது ஆளின் வாளி ஈரமாகத்தான் இருக்கும்.

ஆற்றலும் உயிர்களிடையே இப்படித்தான் கை மாறுகிறது. கிணறு என்பது சூரியன். புல் வெளிச்சத்தைப் பிடித்து உடம்பாக மாற்றுகிறது. அந்தப் புல்லை மான் தின்கிறது. தின்றதில் பெரும்பகுதி மானின் மூச்சுக்கும் ஓட்டத்துக்கும் உடல் சூட்டுக்கும் செலவாகி, சாணமாகவும் வெளியேறுகிறது. சதையாக நிற்பது சிறு பங்குதான். மானைத் தின்னும் புலிக்கு அந்தச் சிறு பங்குதான் வந்து சேரும். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு போகிறது என்பது ஒரு பொதுவான அளவு. சூழலைப் பொறுத்துக் கூடும், குறையும். 1942-இல் ரேமண்ட் லிண்டெமன் என்ற இளம் ஆய்வாளர் ஏரி ஒன்றில் இந்த ஆற்றல் ஓட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டிய பிறகு சூழலியலில் இது அடிப்படைப் பாடமாகிவிட்டது. கீழே அகலமாகவும் மேலே போகப் போகக் குறுகியும் இருக்கும் இந்த அமைப்புக்கு ஆற்றல் பிரமிடு என்று பெயர்.

இதை எண்ணிக்கையாகப் பாருங்கள். ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் ஐம்பது மான் அளவிலான விலங்குகள் வேண்டும். ஐம்பது மான்களை மட்டும் விட்டுவைத்தால் முதல் ஆண்டோடு கதை முடிந்தது. ஐம்பதைப் பறிகொடுத்தும் கூட்டம் குறையாமல் இருக்க, சுமார் ஐந்நூறு மான்கள் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். அந்த ஐந்நூறுக்கும் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும். காட்டில் புலி அரிதாகக் கண்ணில் படுவதற்கு வேட்டையும் காடழிப்பும் காரணங்கள்தான். ஆனால் மனிதனே இல்லாத காட்டிலும் புலி மானைவிட அரிதாகத்தான் இருந்திருக்கும். பிரமிடின் உச்சியில் இடம் குறைவு.

இப்போது முரடனுக்கு வருவோம். தாராளமாகப் போகட்டும், ஒரு முரடன் ஒரு புலி அளவுதான் சாப்பிடுகிறான் என்று வைப்போம். ஒரு லட்சம் முரடன்களுக்கு ஐந்து கோடி மான்கள். அத்தனையும் மேய ஒரு மாபெரும் புல்வெளி. கதையில் இருந்ததோ சிவப்புப் பாறை.

‘ஒன்றை ஒன்று தின்னும்’ என்ற பதில் ஏன் எடுபடாது என்பதும் இப்போது தெரியும். ஒரு முரடன் இன்னொருவனைத் தின்றால் அது புதிய ஆற்றல் இல்லை, கிணறே இல்லாமல் வாளி மாற்றுவது. ஒவ்வொரு சாப்பாட்டிலும் பத்தில் ஒன்பது பங்கு ஒழுகிப் போகும். சில தலைமுறைகளில் கடைசி முரடன் தனியாக உட்கார்ந்திருப்பான், பசியோடு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஒரு கிரகத்தில் எத்தனை இரைக்கொல்லிகள் இருக்க முடியும் என்பதை அங்குள்ள செடிகொடிகள்தான், அல்லது அவற்றின் வேலையைச் செய்யும் ஏதோ ஒன்றுதான், தீர்மானிக்கிறது. பல் எவ்வளவு கூர்மை என்பது அப்புறம்.

வறண்ட இடத்தில் வளரும் பயங்கரம்

அப்படியானால் வறண்ட கிரகத்தில் பயப்படும்படி எதுவுமே இருக்காதா? இருக்கும். ஆனால் அது பாயாது.

பூமியிலேயே அதற்கு நல்ல உதாரணம் ஆழ்கடல். ஆயிரம் மீட்டருக்குக் கீழே சூரிய வெளிச்சம் இல்லை, செடி இல்லை. மேலே செத்துப்போனவற்றின் துகள்கள் மெதுவாக உதிர்ந்து இறங்கும். பெரும்பாலான உயிர்களுக்கு அதுதான் மூலதனம். அந்த இருட்டில் வாழும் தூண்டில் மீனின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நெற்றியிலிருந்து ஒரு தண்டு நீண்டு, அதன் நுனியில் சின்னதாக ஒரு விளக்கு. கீழே முகமே வாயாக, கண்ணாடி ஊசிகள் போல உள்நோக்கி வளைந்த பற்கள். கனவில் வரக்கூடிய முகம்தான். ஆனால் படங்களில் அதிகம் வருகிற இனத்தில் பெண் மீனே ஒரு சாண்கூட இருக்காது. தசைகள் தொளதொளவென்று இருக்கும். துரத்தத் தெரியாது. விளக்கைக் காட்டிக்கொண்டு அப்படியே மிதக்கும்.

காரணம் சிக்கனம். உடம்பு தன்னை உயிரோடு வைத்துக்கொள்ள ஓயாமல் எரிக்கிற எரிபொருளின் கணக்குக்கு வளர்சிதை மாற்றம் என்று பெயர். எஞ்சினை ஓடவிட்டபடி நிற்கும் வண்டி பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும், அணைத்துவிட்டு நிற்பது குடிக்காது. பாலூட்டிகள் ஓடிக்கொண்டே நிற்கிற வண்டி, உடல் சூட்டைக் காப்பாற்றவே சாப்பாட்டின் பெரும்பகுதி போய்விடும். ஊர்வன அணைத்து வைத்த வண்டி. ஒரே எடையுள்ள பாலூட்டிக்கு ஆகும் தீனியில் பத்தில் ஒரு பங்கு அளவே ஊர்வனவற்றுக்குப் போதும். அதனால்தான் இந்தோனேசியாவின் சிறு தீவுகளில் மூன்று மீட்டர் நீளம் வரை வளரும் கொமோடோ உடும்பு உச்ச இரைக்கொல்லியாக இருக்க முடிகிறது. ஒரே வேளையில் தன் எடையில் எண்பது சதவீதம் வரை தின்று தீர்த்துவிட்டு, நாள்கணக்கில் வெயிலில் படுத்துக் கிடக்கும். அந்தத் தீவுகளில் புலிகளைக் கொண்டுபோய் விட்டால் ஒரு கூட்டமாகப் பெருகும் அளவுக்குத் தீனி கட்டுப்படியாகாது.

ஆக, சிவப்புப் பாறைக் கிரகத்தை நண்பன் விடமாட்டேன் என்று அடம்பிடித்தால், முரடன் வேறு ஆளாக வேண்டும். புழுதிக்குள் புதைந்து, மாதக்கணக்கில் அசையாமல், இதயம் நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவை துடிக்க, வாயை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறவன். எனக்கு இந்த முரடனைத்தான் அதிகம் பிடித்திருக்கிறது. ஆனால் லட்சக்கணக்கில் ஓடிவர மாட்டான்.

இரண்டு மடங்கு ஈர்ப்பு, ஒன்பதடி உயரம்

அடுத்த தவறு இன்னும் பரவலானது. ‘அங்கே ஈர்ப்பு அதிகம், அதனால் அங்குள்ளவர்கள் பிரம்மாண்டமாக, பலசாலியாக இருப்பார்கள்.’ பலசாலி, சரி. பிரம்மாண்டம், இல்லை.

ஈர்ப்பிலிருந்தே தொடங்குவோம். ஒரு கிரகத்தின் தரையில் நிற்கும்போது நம்மை அது எவ்வளவு பலமாகக் கீழே இழுக்கிறது என்பது அதன் மேற்பரப்பு ஈர்ப்பு. இது கிரகம் எவ்வளவு பெரியது என்பதை மட்டும் பொறுத்ததில்லை. பெரிய தீ அதிகம் சுடும், ஆனால் தள்ளி நின்றால் அவ்வளவு சுடாது இல்லையா? பெரிய கிரகத்தின் தரையில் நிற்பவர் அதன் மையத்திலிருந்து அதிகம் தள்ளித்தான் நிற்கிறார். நிறை கூடினால் ஈர்ப்பு கூடும். நிறை மாறாமல் ஆரம் மட்டும் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நான்கில் ஒன்றாகும். சனிக் கிரகத்தின் நிறை பூமியைப் போல 95 மடங்கு. ஆனால் ஆரமும் ஒன்பது மடங்குக்கு மேல் என்பதால் அதன் மேக உச்சியில் ஈர்ப்பு ஏறக்குறைய பூமியின் அளவுதான். முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது நான் நம்பாமல் மறுபடியும் போட்டேன்.

இரண்டு மடங்கு ஈர்ப்புள்ள கிரகம் வெறும் கற்பனையும் இல்லை. எல்.எச்.எஸ். 1140 பி என்று ஒரு கிரகம், சீட்டஸ் விண்மீன் கூட்டத்தில், 2017-இல் அறிவிக்கப்பட்டது. நிறை பூமியைப் போலச் சுமார் 5.6 மடங்கு, ஆரம் சுமார் 1.7 மடங்கு. வகுத்துப் பார்த்தால் ஈர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வருகிறது.

இப்போது ஒரு விலங்கை எடுத்து, உருவம் மாறாமல், நீளம் அகலம் உயரம் மூன்றையும் இரட்டிப்பாக்குங்கள். எடை எவ்வளவு கூடும்? இரண்டு மடங்கு இல்லை. இரண்டு பெருக்கல் இரண்டு பெருக்கல் இரண்டு, எட்டு மடங்கு. அந்த எடையைத் தாங்கும் கால் எலும்பின் வலிமை அதன் குறுக்கு வெட்டுப் பரப்பைப் பொறுத்தது, முருங்கைக்காயை வெட்டினால் தெரிகிற வட்டம் மாதிரி. அந்த வட்டம் நான்கு மடங்குதான் கூடியிருக்கும். எட்டு மடங்கு சுமை, நான்கு மடங்கு தூண். ஒவ்வொரு எலும்பும் முன்பைவிட இரட்டிப்பு நெருக்கடியில் நிற்கிறது. பரப்பு வளர்வதைவிடக் கன அளவு வேகமாக வளரும் என்கிற இந்த உண்மைக்கு இருமடி-மும்மடி விதி என்று பெயர். 1638-இல் கலிலியோ இதை விளக்க இரண்டு எலும்புகளை வரைந்து காட்டினார்: ஒன்று சாதாரண எலும்பு, இன்னொன்று அதே வேலையைச் செய்ய வேண்டிய மூன்று மடங்கு நீளமான எலும்பு. இரண்டாவது எலும்பு போலவே இல்லை, கொழுத்த கட்டை மாதிரி இருக்கும். மானின் காலை அப்படியே பெரிதாக்கினால் யானையின் கால் கிடைக்காது, முறிந்த கால்தான் கிடைக்கும்.

ஈர்ப்பு இரட்டித்தால் அதே எலும்பின் மீது சுமை இரட்டிக்கும். அதாவது அந்தக் கிரகத்தில் நான்கரை அடி விலங்குக்கு இருக்கும் நெருக்கடி, பூமியில் அதே உருவமுள்ள ஒன்பதடி விலங்குக்கு இருப்பதற்குச் சமம். கனத்த கிரகம் உயிரினங்களைக் குட்டையாக்கும், தடிப்பாக்கும், கால்களின் எண்ணிக்கையைக்கூடக் கூட்டலாம்.

விழுவதையும் யோசிக்க வேண்டும். இடுப்பு உயரத்தில், ஒரு மீட்டரில், கையிலிருந்து நழுவும் கல் பூமியில் தரையைத் தொட 0.45 விநாடி ஆகும். இரட்டை ஈர்ப்பில் 0.32 விநாடி. தடுக்கி விழுகிறவன் கையை ஊன்றுவதற்குள் முகம் தரையில் இருக்கும். அங்கே இரண்டு மீட்டரிலிருந்து விழுவது இங்கே நான்கு மீட்டரிலிருந்து விழுவதற்குச் சமம். ஒன்பதடி உயரத்தில் இரண்டு காலில் நடக்கிற முரடன் ஒரு தடவை தடுக்கினால் போதும், அவனால் யாருக்கும் ஆபத்தில்லை.

கதாசிரியர்கள் இதைக் கவனிக்காமல் இருந்ததில்லை. 1898-இல் நூலாக வந்த எச்.ஜி. வெல்ஸின் செவ்வாய்ப் படையெடுப்பு நாவலில், குறைந்த ஈர்ப்பிலிருந்து வந்த செவ்வாய்வாசிகள் பூமியில் தம் எடையைத் தாங்க முடியாமல் திணறுவார்கள். செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் 38 சதவீதம்தான். நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே போட்ட கணக்கை நாம்தான் மறந்துவிட்டோம்.

தண்ணீரும் காற்றும் தரும் சலுகை

பெரிய உருவம் வேண்டும் என்று தோன்றினால் முரடனைக் கடலில் இறக்கலாம். தண்ணீர் மேல்நோக்கித் தள்ளும் விசை எடையை ஈடுகட்டிவிடும், தூண் போன்ற கால்கள் தேவையில்லை. பூமியின் மிகப் பெரிய விலங்கான நீலத் திமிங்கிலம் முப்பது மீட்டர் நீளத்தை எட்டுவது கடலில் இருப்பதால்தான். கரை ஒதுங்கினால் தன் எடையே அதை நசுக்கத் தொடங்கும்.

காற்று இன்னொரு கட்டுப்பாடு. துரத்துவது என்பது வேகமாக எரிபொருளை எரிப்பது, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். இன்று பூமியின் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். சுமார் முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் அது 30 சதவீதத்தை ஒட்டி உயர்ந்திருந்த காலத்தில், இறக்கை விரிப்பு அறுபது எழுபது சென்டிமீட்டர் வரும் தட்டான் வகைப் பூச்சிகள் பறந்தன. பூச்சிகளுக்கு நுரையீரல் இல்லை. நுண்குழாய்கள் வழியே காற்று நேராகத் திசுக்களுக்குப் போகிறது. அதனால் காற்றில் ஆக்சிஜன் கூடினால் உடல் பெருக்க இடம் கிடைக்கும் என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கம்.

காலமும் வேண்டும். பூமியில் உயிர் தோன்றி 350 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கண்ணால் தேடி, நீந்திப் போய், பிடித்துத் தின்னும் பெரிய விலங்குகள் வந்து சுமார் 52 கோடி ஆண்டுகள்தான். இந்தக் கிரகம் தன் ஆயுளில் பெரும்பகுதியை நுண்ணுயிர்ப் படலங்களோடு அமைதியாகக் கழித்திருக்கிறது. எவனாவது வேற்றுக்கிரகத்திலிருந்து ‘பூமி எப்படிப்பட்ட இடம்’ என்று அப்போது வந்து பார்த்திருந்தால், வழுக்கும் என்று எழுதிவிட்டுப் போயிருப்பான்.

கொஞ்சம் நின்று பார்ப்போம். தீனி எத்தனை முரடன்கள் என்பதைச் சொல்கிறது; ஈர்ப்பு அவன் எவ்வளவு உயரம், எத்தனை கால் என்பதைச் சொல்கிறது; ஆக்சிஜன் அவன் எவ்வளவு வேகம் என்பதைச் சொல்கிறது. அவன் ஏன் அவ்வளவு பல்லோடும் நகத்தோடும் இருக்கிறான் என்பதை இவை எதுவும் சொல்லவில்லை.

எதிராளி இல்லாமல் நகம் வளராது

1835-இல் கலாபகோஸ் தீவுகளுக்குப் போன சார்லஸ் டார்வின், மரக்கிளையில் உட்கார்ந்திருந்த ஒரு பருந்தைத் தன் துப்பாக்கியின் முனையால் தள்ளிவிட்டதாக எழுதியிருக்கிறார். பறவைகள் அவரைப் பார்த்து ஓடவில்லை. தரையில் நடக்கும் பெரிய வேட்டை விலங்கு இல்லாத தீவில், மனிதனைக் கண்டு பறந்து ஓடும் பழக்கம் தேவைப்படவில்லை.

எதிர்ப்பக்கம் ஒரு கதை உண்டு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கையடக்கமான ஒரு நீர்ப்பல்லி இருக்கிறது. பழுப்பு முதுகு, ஆரஞ்சு வயிறு, சொரசொரப்பான தோல். அந்தத் தோலில் உள்ள நஞ்சு பல மனிதர்களைக் கொல்லப் போதும். இத்தனூண்டு பிராணிக்கு இவ்வளவு நஞ்சு எதற்கு? அதைத் தின்னும் ஒரு பாம்பு இருக்கிறது, அந்தப் பாம்புக்கு நஞ்சு ஏறுவதில்லை. கொஞ்சம் கூடுதல் நஞ்சுள்ள பல்லிகள் தப்பின. அதைத் தாங்கும் பாம்புகள் கொழுத்தன. மறுபடி இன்னும் நஞ்சுள்ள பல்லிகள் தப்பின. பாம்புகள் அதிகம் தாங்கும் பகுதிகளில் பல்லிகளின் நஞ்சும் பொதுவாக அதிகம் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இரண்டு இனங்கள் ஒன்றையொன்று முந்த முயன்று இரண்டுமே மாறிக்கொண்டு போவதைப் பரிணாம ஆயுதப் போட்டி என்கிறார்கள். இரண்டு கடைக்காரர்கள் போட்டிக்கு விலை குறைப்பது போலத்தான்: வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இருவருமே பைத்தியம் என்று தோன்றும்.

கொடூரத்தின் உண்மையான இயந்திரம் இதுதான். பாறையும் வெயிலும் சூறாவளியும் ஓர் உயிரைத் தாக்குப்பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்: தடித்த தோல், தண்ணீர்ச் சேமிப்பு, நீண்ட தூக்கம். வெயிலை எதிர்த்துப் பல் வளர்த்து என்ன பயன்? பல்லும் நஞ்சும் வேகமும் இன்னோர் உயிரை எதிர்த்துத்தான் வளர்கின்றன. முரடன் அவ்வளவு பயங்கரமாக இருந்தால், அவன் துரத்துகிற இரை அதைவிட ஒரு சுற்று சாமர்த்தியமாக இருக்க வேண்டும். கவசம் போட்டிருக்கும், அல்லது கூட்டமாக நின்று திருப்பி அடிக்கும், அல்லது கண்மூடித் திறப்பதற்குள் பொந்துக்குள் இருக்கும். கதைகளில் பெரும்பாலும் அரக்கன் இருப்பான், அவனுடைய மான் இருக்காது. மானை வரையத் தெரியாமல் புலியை வரைவது எப்படி?

விண்கலம் ஓட்டுகிற முரடன்

சில கதைகளில் முரடன் விண்கலமும் ஓட்டுவான். அதற்கு ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டு நகர்கிறேன். உலோகம் உருக்க நெருப்பு வேண்டும், நெருப்பு எரிய காற்றில் ஆக்சிஜன் சுமார் 16 சதவீதமாவது வேண்டும். அதைவிட முக்கியம், ஒருவன் தோண்டி, ஒருவன் உருக்கி, ஒருவன் கணக்குப் போட்டு, இன்னொருவன் இவர்களுக்குச் சாப்பாடு கொண்டுவர வேண்டும். பார்த்த இடத்தில் ஒருவனை ஒருவன் குத்துகிற கூட்டத்தால் ஒரு ஆணிகூடச் செய்ய முடியாது. வெளியாருக்கு அவன் எவ்வளவு முரடனாக இருந்தாலும், வீட்டுக்குள் நம்மைப் போலவே வரிசையில் நிற்கத் தெரிந்தவனாக இருக்க வேண்டும்.

கனத்த கிரகத்துக்கு இன்னொரு சிக்கல். பூமியின் பிடியிலிருந்து முழுதாக விடுபட விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். மேலே சொன்ன எல்.எச்.எஸ். 1140 பி-யில் கணக்குப் போட்டால் சுமார் 20 கிலோமீட்டர் வருகிறது. வேகம் இரட்டித்தால் எரிபொருள் இரட்டிப்பதோடு நிற்காது, பல மடங்கு எகிறும். அங்குள்ள முரடன்கள் எவ்வளவு ஆத்திரப்பட்டாலும் நம்மூர் ராக்கெட் மாதிரி ஒன்றில் கிளம்பி வந்துவிட முடியாது.

திருத்திய முரடன்

நண்பனிடம் இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. இரண்டு மூன்று மாலைகள் ஆயின. முதலில் சிணுங்கினான், “கதைக்குக் கால் இல்லைன்னு சொல்லுவாங்க, நீ கணக்கு கேக்குற.” அப்புறம் அவனே பென்சிலை எடுத்துக்கொண்டான். சிவப்புப் பாறை போயிற்று, அடர்ந்த புல்வெளி வந்தது. ஈர்ப்பை இரண்டு மடங்காகவே விட்டுவிட்டான். முரடன் இடுப்பளவு உயரத்துக்கு இறங்கினான், ஆறு தடித்த கால்கள், தரையோடு ஒட்டிய வயிறு. கர்ஜனையை வெட்டினான். லட்சம், சில நூறாயிற்று. இரையாகக் குட்டி யானை அளவில், மந்தை மந்தையாக, ஓடு போர்த்திய ஒரு பிராணியை யோசித்தான்; மந்தை பாறை இடுக்குகளை ஒட்டியே மேயும், சத்தம் கேட்டால் உள்ளே நுழைந்து ஓட்டால் வாயை அடைத்துக்கொள்ளும்.

நான் அவனுக்குச் சொன்ன கடைசி விஷயம் ஒரு செயற்கைக்கோள் படத்தைப் பற்றி. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், ஹெரான் தீவை ஒட்டிய ஆழமில்லாத கடல். மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு சிறு பவளப் பாறையைச் சுற்றியும் வெறும் மணலாக வெளிறிய ஒரு வளையம், அதற்கு வெளியே பாசி படர்ந்த கரும்பரப்பு. பாறையில் ஒளிந்து வாழும் மீன்கள் பாசியை மேயப் பாறையை விட்டுக் கொஞ்ச தூரம்தான் வரும், அதற்கு மேல் போனால் பெரிய மீன் தின்றுவிடும் என்ற பயம். பயம் எட்டுகிற எல்லைவரை மொட்டை, அதற்கப்பால் செழிப்பு. இரைக்கொல்லியே படத்தில் இல்லாவிட்டாலும் அது இருக்கிறது என்று தரை காட்டிக்கொடுக்கிறது. சூழலியலில் இதற்கு அச்ச நிலப்பரப்பு என்று பெயர்.

போன வாரம் புதிய கதை வந்தது. முதல் பக்கத்தில் முரடன் இல்லை. சுற்றுப்பாதையிலிருந்து எடுத்த படத்தை மாலுமி ஒருத்தி பார்க்கிறாள்: பாறைகளைச் சுற்றி மொட்டை வளையங்கள், அவற்றுக்கு நடுவே ஆள் உயரப் புல், ஒரு கடிகூடப் படாமல். இறங்க மெத்தென்று இருக்கும் என்று அந்தப் புல்லின் நடுவே கலத்தை இறக்குகிறார்கள்.